சாய்வு டேண்டம் மிதிவண்டி

சாய்வு டேண்டம் என்பது இரண்டு பேர் சாய்ந்து உட்கார்ந்து, கால்களை முன்னால் நீட்டி, சேர்ந்து மிதிக்கும் சைக்கிள். முதுகுக்குச் சாய்மானம் உண்டு. பெடல்கள் இருக்கைக்குக் கீழே இல்லாமல் முன்னால், ஏறத்தாழ இருக்கையின் மட்டத்திலேயே இருக்கும். ஒருவர் பின் ஒருவராக அமர்வதே பரவலான அமைப்பு. அருகருகே அமரும் வகையும், முதுகோடு முதுகு ஒட்டி அமரும் வகையும் உண்டு. இரண்டு சக்கரத்திலும் மூன்று சக்கரத்திலும் வருகிறது. உலக அளவிலேயே அரிதான வண்டி இது. அமெரிக்கா, ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் பிள்ளைகள் தலையெடுத்துவிட்ட, முழங்காலும் இடுப்பும் பேசத் தொடங்கிவிட்ட தம்பதிகள்தான் இதைப் பெரிதும் விரும்பி ஓட்டுகிறார்கள்.

இந்தியாவில் சைக்கிள் கடைக்குப் போய் இதைக் கேட்டு வாங்கிவர முடியாது. ஆனால் இப்படி ஒரு வண்டியைச் செய்யவும் பழுது பார்க்கவும் தகுந்த ஊர் எது என்று கேட்டால் கோவையை, குறிப்பாகப் பீளமேட்டைச் சொல்லலாம். 1951இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் 1956இல் தொடங்கிய சி.ஐ.டி.யும் இங்கேதான் இருக்கின்றன. சுற்றிலும் லேத் பட்டறைகள், வார்ப்படச் சாலைகள், மோட்டார் பம்ப் தொழிற்சாலைகள். வண்டியின் தன்மையைச் சோதித்துப் பார்க்கப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும், ஒரு மணி நேரத் தொலைவில் நீலகிரி மலைச்சாலையும் இருக்கின்றன. எனவே இக்கட்டுரை வண்டியின் பொது வரலாற்றையும் அமைப்பையும் சொல்லி, கொங்கு நாட்டுச் சாலையில் ஒரு தம்பதிக்கு இது எப்படி உதவும், எங்கே உதவாது என்பதையும் பார்க்கிறது.

வரலாறு

கணவனும் மனைவியும் சேர்ந்து மிதிக்கும் வண்டி, இன்றைய சைக்கிளுக்கும் முந்தியது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தையல் இயந்திரத் தொழிலில் இருந்து சைக்கிளுக்கு வந்த ஜேம்ஸ் ஸ்டார்லி, 1870களில் இருவர் அருகருகே அமர்ந்து மிதிக்கும் வண்டியைச் செய்தார். அவரும் மகன் வில்லியமும் அதில் போனபோது இளைஞனின் மிதி வலுவாக இருந்ததால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சாலையோரத்தில் கவிழ்ந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1877இல் அவர் டிஃபரன்ஷியல் கியரைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். இன்று ஒவ்வொரு லாரியின் பின்னச்சிலும் உருளும் அந்தப் பல்சக்கரத் தொகுதிக்கு, இரண்டு பேரின் கால் வலு ஒத்துப்போகாதது ஒரு காரணம் என்பது சுவையான செய்தி. அதே கோவென்ட்ரியின் ரட்ஜ் நிறுவனம் இருவர் செல்லும் மூன்று சக்கர வண்டிகளுக்குப் பேர்போனது. கோவையை அடுத்த கலங்கலில் பிறந்த கண்டுபிடிப்பாளர் ஜி.டி.நாயுடு இளம் வயதில் ஆசைப்பட்டு வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்துப் படித்ததும் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிள்தான்.

ஒருவர் பின் ஒருவர் அமரும் நிமிர்ந்த டேண்டம் 1880களின் நடுவில் வந்தது. அதற்குப் பின் தம்பதிகளின் வண்டி என்றால் அதுதான் என்று ஆகிவிட்டது. சாய்ந்து ஓட்டும் முயற்சிகள் 1890களிலேயே ஐரோப்பாவில் நடந்தன. ஆனால் சாய்வு சைக்கிளுக்கு உயிர் கொடுத்தவர் பாரிஸை ஒட்டிய புத்தோ என்ற ஊரைச் சேர்ந்த ஷார்ல் மோஷே. மகன் ஜார்ஜுக்குச் சைக்கிள் வாங்கித்தர நினைத்தபோது, சைக்கிள் ஆபத்து என்று மனைவி மறுத்துவிட்டார். அதனால் மகனுக்கு நான்கு சக்கர மிதிகார் ஒன்றைச் செய்து கொடுத்தார். அதைப் பார்த்த பெரியவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்க, 1920களில் இருவர் அருகருகே சாய்ந்து அமர்ந்து மிதிக்கும் ‘வெலோகார்’ பிறந்தது. கார் வாங்க வசதியில்லாத பிரெஞ்சுக் குடும்பங்கள் அதில் ஊர்சுற்றின. இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் கிடைக்காத பாரிஸிலும் அது ஓடியது.

வேகமாகத் திரும்பும்போது நான்கு சக்கர வண்டி சாய்ந்துவிடும். இந்தக் குறைக்கு வழி தேடிய மோஷே, இருவர் வண்டியைப் பாதியாகப் பிளந்தது போல இரண்டு சக்கரத்தில் ஒருவர் ஓட்டும் சாய்வு சைக்கிளைச் செய்தார். சாய்வு சைக்கிளை ஒற்றை ஆளுக்கான வேக வண்டியாகவே பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதன் முதல் வெற்றிகரமான வடிவம் இருவருக்காகச் செய்யப்பட்டதே. ஒற்றை ஆள் வண்டி அதில் இருந்து கிளைத்தது.

அந்த ஒற்றை வண்டியில் முன்னணியில் இல்லாத பந்தய வீரரான பிரான்சிஸ் ஃபோர் 1933 ஜூலை 7 அன்று பாரிஸில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டினார். ஆஸ்கர் எக் 1914இல் வைத்த 44.247 கி.மீ. சாதனை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அசையாமல் இருந்தது. அது அன்று உடைந்தது. சர்வதேச சைக்கிள் சங்கம் பதறிப்போய், சைக்கிள் எது என்பதற்குப் புது இலக்கணம் வகுத்தது. 1934 ஏப்ரல் 1 முதல் சாய்வு வண்டிகள் அதிகாரப்பூர்வப் பந்தயங்களில் இருந்து வெளியேற்றப்பட்டன. மோஷேயும் அதே ஆண்டில் இறந்துபோனார். ஃபோர் விடவில்லை. 1939 மார்ச் 5 அன்று காற்றைக் கிழிக்கும் கூடு போர்த்திய வெலோகாரில் ஒரு மணிக்கு 50.537 கி.மீ. ஓடினார். பந்தயத்தில் இடமில்லை என்றதும் பெரிய சைக்கிள் நிறுவனங்கள் சாய்வு வண்டியைச் சீண்டவில்லை. அந்த ஒரு தீர்மானத்தால் ஏறத்தாழ நாற்பது ஆண்டு வளர்ச்சி நின்றுபோனது என்பது மிகையான குற்றச்சாட்டு அல்ல.

மறுபிறப்பு 1970களில் கலிஃபோர்னியாவில் நடந்தது. மனித ஆற்றல் வண்டிகளுக்கான சர்வதேச சங்கம் 1976இல் உருவானது. வடிவத்துக்குக் கட்டுப்பாடு கிடையாது என்பதே அதன் அடிப்படைக் கொள்கை. அன்றைய அமெரிக்க நெடுஞ்சாலை வேக வரம்பு மணிக்கு 55 மைல், அதாவது 88.5 கி.மீ. மனிதக் காலால் அதைத் தாண்டும் முதல் வண்டிக்குப் பரிசு அறிவித்தார்கள். 1978இல் அதை வென்றது நார்த்ராப் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த ‘ஒயிட் லைட்னிங்’. அது இருவர் சாய்ந்து மிதிக்கும் மூன்று சக்கர வண்டி. 1980இல் ‘வெக்டர்’ என்ற வண்டியில் முதுகோடு முதுகு ஒட்டி அமர்ந்த இருவர் மணிக்கு 101 கி.மீ. வேகத்தைத் தொட்டார்கள். அதில் பின்னால் இருந்தவர் கண்ணுக்கு எதிரே வரும் சாலையே தெரியாது.

அமைப்பு

சாதாரண டேண்டத்தைப் போலவே இதிலும் முன்னால் இருப்பவரைக் கேப்டன் என்றும், பின்னால் இருப்பவரை ஸ்டோக்கர் என்றும் சொல்வார்கள். ஹேண்டில்பார், பிரேக், கியர் மூன்றும் கேப்டன் கையில். ஸ்டோக்கருக்கு மிதிப்பதும் கை காட்டுவதும் வழி பார்ப்பதும் வேலை. இருவரின் கிராங்க்குகளையும் ஒரு செயின் பிணைக்கும். இன்னொரு செயின் பின் சக்கரத்தை ஓட்டும். பெடல்கள் உடலுக்கு வெகு முன்னால் இருப்பதால் செயினின் நீளம் கூடுகிறது. சாதாரண சைக்கிளின் மூன்று நான்கு செயின்களைக் கோத்தால்தான் ஒரு வண்டிக்குக் காணும். அவ்வளவு நீளச் செயின் தொய்ந்து அடிக்காமல் இருக்க வழியில் சிறு உருளைகளும் பிளாஸ்டிக் குழாய்களும் வைப்பார்கள். உருளையின் பேரிங் தேய்ந்தால் வண்டி முனகத் தொடங்கும். எங்கிருந்து சத்தம் வருகிறது என்று கண்டுபிடிப்பது சாய்வு டேண்டம்காரர்களின் நிரந்தர வேலை.

இரண்டு கிராங்க்கும் பிணைந்திருப்பதால் ஒருவர் மிதித்தால் மற்றவர் காலும் சுற்றியே தீரும். ஒருவர் நிமிடத்துக்கு 90 சுற்று, மற்றவர் 65 சுற்று என்று பழகியிருந்தால் முதல் வாரமே முகம் சுளிக்க நேரும். இதற்குத் தீர்வாகச் சில வண்டிகளில் ஒரு கிராங்க்குக்குத் தனி ஃப்ரீவீல் வைக்கிறார்கள். ஜெர்மனியின் வால்ட்ராப் நகரில் உள்ள ஹாசே நிறுவனத்தின் ‘பீனோ’ வண்டி அப்படிப்பட்டது. அதில் முன்னால் இருப்பவர் மட்டும் சாய்ந்து அமர்வார். ஓட்டுபவர் அவருக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் தலைக்கு மேலாகச் சாலையைப் பார்ப்பார். முன்னவர் களைத்தால் காலை நிறுத்திக்கொள்ளலாம், வண்டி ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு தலைகளும் அருகருகே இருப்பதால் பேச்சுக்கும் தடையில்லை. இருவரும் சாய்ந்திருக்கும் வண்டியைவிட நீளமும் குறைவு. முழுச் சாய்வு டேண்டத்தில் இரு சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையே மட்டும் இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும். பீளமேட்டு அடுக்குமாடிக் கட்டடங்களின் லிஃப்ட் எதிலும் அது நுழையாது. வெளிநாடுகளில் சட்டத்தை நடுவே திருகிப் பிரிக்கும் இணைப்புகள் வைத்துப் பெட்டியில் அடைக்கிறார்கள்.

இருவர் எடையும் வண்டி எடையும் சேர்ந்தால் 150 கிலோவைத் தாண்டிவிடும். சாதாரண ரிம்மும் ஸ்போக்ஸும் இதைத் தாங்காது. சக்கரம் அடிக்கடி கோட்டம் விழும். 36க்குக் குறையாமல், முடிந்தால் 40 ஸ்போக்ஸ் கோத்த சக்கரமே பாதுகாப்பு.

சேர்ந்து ஓட்டுவது

ஓட்டம் எளிது, புறப்பாடுதான் கடினம். நிமிர்ந்த சைக்கிளில் பெடல் மேல் எழுந்து நின்று ஒரு உந்து கொடுக்கலாம். சாய்வு வண்டியில் எழுந்து நிற்க வழியே இல்லை. உடல் எடையைப் பெடலில் போட முடியாது. கால் தசை மட்டுமே மிதிக்க வேண்டும். பீளமேட்டின் ஹோப் காலேஜ் சிக்னலில் சிவப்பு விழுந்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் இருக்கும் மனைவியின் கால்கள் இரண்டும் பெடலில் கட்டப்பட்டே இருக்கும். கணவர் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றியிருப்பார். நிற்பதற்கு முன்பே அவர் சின்ன கியருக்கு மாற்றியிருக்க வேண்டும். மறந்திருந்தால், நின்றபின் டெரய்லர் கியர் மாறாது. பச்சை விழுந்ததும் மிதி நகராமல் பின்னால் வந்த டவுன் பஸ்ஸின் ஹாரன் காதைப் பிளக்கும். சரியாக வைத்திருந்தால், “போலாமா கண்ணு?” “போலாமுங்க.” அந்த ஒரு சொல்லுக்குப் பின் இருவரும் ஒரே கணத்தில் அரைச் சுற்று அழுத்த வேண்டும். அதில் வண்டி நடை வேகம் பிடித்தால்தான் கேப்டன் ஊன்றிய காலைத் தூக்க முடியும். அந்த அரைச் சுற்றில் ஒருவர் தயங்கினால் வண்டி பாம்பு போல நெளியும்.

ஓடும்போது கேப்டன் வாய் ஓயக்கூடாது. பள்ளம், வேகத்தடை, கியர் மாற்றம், மிதியை நிறுத்தல் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நிமிர்ந்த டேண்டத்தில் வேகத்தடை வந்தால் இருக்கையில் இருந்து சற்றே எழும்பி அடியைத் தவிர்க்கலாம். இங்கே முதுகு சாய்மானத்தில் பதிந்திருப்பதால், சொல்லாமல் ஏறும் ஒவ்வொரு தடையும் பின்னால் இருப்பவரின் முதுகுத்தண்டில் இறங்கும். சொல்லாத வேகத்தடைதான் இவ்வண்டியில் குடும்பச் சண்டைக்கு முதல் காரணம். இரண்டாவது காரணம், பின்னால் இருப்பவர் மிதிக்காமல் ஓய்வெடுக்கிறார் என்ற சந்தேகம். பெரும்பாலும் அந்தச் சந்தேகம் தவறு. பின்னால் மிதிப்பவரின் உழைப்பு முன்னவருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

யார் முன்னால் உட்காருவது என்பதில் கணவர்தான் என்ற வழக்கம் எங்கும் உண்டு. அதற்கு வலுவான நியாயம் இல்லை. சாலையைக் கணிப்பதில் நிதானமும், நின்ற வண்டியின் மொத்த எடையையும் ஒற்றைக் காலில் தாங்கும் உறுதியும் யாருக்கு அதிகமோ அவர் முன்னால் இருப்பதே முறை. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். காலை நீட்டி உயர்த்தி மிதிக்கும் இந்த வண்டியைப் புடவையிலோ வேட்டியிலோ ஓட்ட முடியாது. சுடிதாரானாலும் துப்பட்டா செயினுக்கு எட்டாதபடி முடிந்துகொள்ள வேண்டும்.

காலைப் பெடலோடு பிணைப்பது சொகுசுக்காக அல்ல. உயரத்தில் இருக்கும் பெடலில் இருந்து கால் நழுவினால் குதிகால் தரையில் பட்டு, ஓடும் வண்டிக்கு அடியில் இழுபட்டுவிடும். மூன்று சக்கர வண்டியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் இருக்கை தரைக்கு வெகு அருகில் இருக்கும். பட்டையோ பூட்டும் காலணியோ இல்லாமல் இதை ஓட்டக்கூடாது.

இவ்வளவுக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன? முதலாவது, உடம்பு. இருக்கை அகலமானது, எடை முதுகிலும் புட்டத்திலும் பரவும். உள்ளங்கை மரத்துப்போவது, கழுத்துப் பிடிப்பு, சீட் உறுத்தல் மூன்றும் இல்லை. தேய்ந்த தோளோடும் கழுத்து எலும்புத் தேய்மானத்தோடும் சைக்கிளை மூட்டை கட்டியவர்கள் இதில் மறுபடி நாள் முழுவதும் ஓட்டுகிறார்கள். முழங்கால் வலிக்கு இது மருந்து என்று சொல்லிவிட முடியாது. சாய்மானத்தில் முதுகை அழுத்திப் பெரிய கியரை உதைப்பவர்களுக்கு வலி கூடவே செய்யும். இரண்டாவது, சமன். தனித்தனி சைக்கிளில் போகும் தம்பதியில் வேகமானவர் முன்னால் போய்க் காத்திருப்பார், மற்றவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடுவார். டேண்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. இருவர் வலுவும் ஒரே சக்கரத்தில் சேர்கிறது. பேச்சை விட்ட இடத்தில் தொடரலாம்.

கொங்குக் காற்று

இந்த வண்டியின் உண்மையான பலம் எதிர்காற்றில் தெரியும். கோவைக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30, 40 கி.மீ. அகலத்துக்கு விலகி நிற்கிறது. அந்தப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி கடைசியில் தொடங்கி ஆவணி வரை காற்று கொட்டும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கு அதுவே காரணம். ஆடிக் காற்றில் பீளமேட்டில் இருந்து க.க.சாவடி நோக்கி சாதாரண சைக்கிளில் போனவர்களுக்கு, சமதளச் சாலையும் ஏற்றமாவது எப்படி என்று தெரியும்.

கணக்கு இதுதான். காற்றின் ஒப்பு வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். மணிக்கு 20 கி.மீ. ஓட்டுபவர் எதிரே 20 கி.மீ. காற்றும் வீசினால், காற்று இல்லாத நாளைவிட நான்கு மடங்கு தடையைத் தள்ள வேண்டும். நிமிர்ந்து உட்காருபவரின் மார்பும் தோளும் கதவு போல அதை வாங்கும். சாய்ந்தவருக்குக் காற்றின் எதிரே தெரிவது பாதமும் முழங்காலும் முகமும்தான். டேண்டத்தில் இரண்டாமவர் முதலாமவரின் நிழலில் இருக்கிறார்; அவருக்கென்று கூடுதல் தடை மிகக் குறைவு. ஒரு ஆளின் காற்றுத் தடையை இரண்டு ஆள் பகிர்ந்து தள்ளுகிறார்கள். எனவே மேற்கே போகும்போதுகூடத் திணறல் இல்லை. திரும்பிக் கிழக்கே வரும்போது ஒரு முரண் உண்டு. பின்காற்று தள்ள வேண்டிய முதுகு இங்கே படுத்திருப்பதால், நிமிர்ந்தவருக்குக் கிடைக்கும் இலவச உதவி இவர்களுக்குக் குறைவாகவே கிடைக்கும். பக்கக் காற்றில் கூடு போர்த்திய வண்டிகள் தடுமாறும்; கூடில்லாத வண்டிக்கு அந்தப் பயம் இல்லை.

சாலை என்று வந்தால் பீளமேட்டின் நடுவே போகும் அவிநாசி சாலை இதற்கு ஏற்றதல்ல. உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. நீளும் ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டபின் கீழே நெரிசல் குறைந்தாலும், தூண்களுக்கு இடையே திரும்பும் கார்களுக்குக் காலடி உயரத்தில் வரும் வண்டி தெரியாது. சாய்வு வண்டிக்காரர்கள் ஆள் உயரக் கம்பியில் கொடி கட்டுவது அதனால்தான். தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியாததால் இரண்டு பக்கக் கண்ணாடியும் கட்டாயம். பகலிலும் விளக்கு எரிய வேண்டும். பேரூர் தாண்டிச் சிறுவாணி சாலை, காளப்பட்டிக்கு வடக்கே உள்ள ஊர்ச் சாலைகள், விடியற்காலையில் நீலாம்பூர் பக்கம் போன்றவை ஒத்துவரும். ஒரு எதிரி எங்கும் உண்டு. தெருநாய்க்கு இந்த வண்டியின் உருவமே புதிது. துரத்தும் நாயின் வாயும் மிதிப்பவரின் கணுக்காலும் ஒரே உயரத்தில் இருக்கின்றன.

மலை

ஏற்றத்தில் இந்த வண்டி படுத்துவிடும். எழுந்து நின்று மிதிக்க முடியாது. நடை வேகத்துக்கு இறங்கினால் இரு சக்கர வண்டி சமநிலை இழக்கும். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் போகும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40. இரண்டு மீட்டருக்கு மேல் நீண்ட வண்டி இறுக்கமான வளைவில் முழுச் சாலையையும் கேட்கும், எதிரே பஸ் வந்தால் நிற்கத்தான் வேண்டும். நின்றால் அந்தச் சரிவில் மறுபடி புறப்படுவது ஏறத்தாழ முடியாத காரியம்.

இறக்கம் இதைவிட ஆபத்து. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் அதைவிட 1,400 மீட்டருக்கு மேல் உயரம். 160 கிலோ எடையோடு இறங்கும்போது பிரேக்கும் காற்றும் சேர்ந்து தின்ன வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 22 லட்சம் ஜூல். ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். வளைவுக்கு வளைவு வேகத்தை அடக்கி இறங்கினால் அதன் பெரும்பங்கு பிரேக்கில்தான் வெப்பமாகும். ரிம்மைக் கவ்வும் பிரேக்காக இருந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். பெரிய டிஸ்க் பிரேக்கோடு, நெடு இறக்கத்தில் இழுத்து வைக்க ஒரு டிரம் பிரேக்கும் வேண்டும். அப்போதும் இடையிடையே நின்று ஆறவிட்டுத்தான் இறங்க வேண்டும். கோவைத் தம்பதிக்கு நேர்மையான அறிவுரை: ஊட்டிக்கு வேறு வண்டியில் போங்கள்.

தமிழகத்தில் இருவர் சைக்கிள்

தமிழகத்தில் தம்பதி சைக்கிள் என்றால் அது பெரும்பாலும் டபுள்ஸ்தான். கணவன் மிதிக்க, மனைவி கேரியரில் ஒருக்களித்து அமர, முன் பாரில் குழந்தை. மில் ஷிஃப்ட்டுக்கும் சினிமாவுக்கும் சந்தைக்கும் கொங்கு நாட்டில் குடும்பங்கள் இப்படித்தான் போயின. டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிட்ட காலமும் இருந்தது. அதில் மிதிப்பவர் ஒருவர், சுமை ஒருவர். பெண்ணும் மிதிக்கலாம் என்பதை ஊர் ஊராகக் கொண்டு சென்றது 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடத்திய சைக்கிள் பயிற்சி. அங்கே பல பெண்கள் லேடீஸ் சைக்கிளை விட்டு ஜென்ட்ஸ் சைக்கிளையே கேட்டார்கள். முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இருவரும் மிதிக்கும் சைக்கிளை நம்மவர்கள் பெரும்பாலும் கொடைக்கானலில்தான் பார்த்திருப்பார்கள். 1863இல் வெரே ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கிய ஏரியைச் சுற்றி ஏறத்தாழ ஐந்து கி.மீ. சாலை. அங்கே வாடகைக்கு விடும் டேண்டத்தில் புதுமணத் தம்பதிகள் ஒரு சுற்று வந்து போட்டோ எடுத்துக்கொள்வது பல பத்தாண்டு வழக்கம். நிமிர்ந்த டேண்டத்துக்கு இந்தியாவில் இன்னொரு நல்ல பயன் கிடைத்திருக்கிறது. தாமும் பார்வையற்றவரான புனேயின் திவ்யான்ஷு கணத்ரா, பார்வையுள்ளவரும் இல்லாதவரும் ஜோடி சேர்ந்து மணாலியில் இருந்து கார்துங்லா வரை டேண்டம் ஓட்டும் பயணங்களை நடத்தினார்.

சாய்வு இருக்கை, இருவர் மிதி என்ற கூட்டுக்கு இந்தியாவில் மிக நெருங்கியது ‘எஃபிசைக்கிள்’ போட்டி. வாகனப் பொறியாளர் சங்கம் நடத்தும் இதில், இருவர் அமர்ந்து மிதிக்கவும் தேவைப்பட்டால் மின் மோட்டார் துணை செய்யவும் கூடிய மூன்று சக்கர வண்டியைப் பொறியியல் மாணவர் அணிகள் தாமே வடிவமைத்துச் செய்து ஓட்டிக்காட்ட வேண்டும். அப்படிப் பிறந்த வண்டிகளில் பல, போட்டி முடிந்ததும் கல்லூரிப் பட்டறையின் மூலையில் துருப்பிடித்துக் கிடப்பது வருத்தத்துக்குரியது. படிப்புக்காகச் செய்ததைத் தெருவுக்குக் கொண்டுவர யாரும் முனைவதில்லை.

நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. பந்தயச் சங்கம் ஒதுக்கிய வண்டியை ஓடாக்ஸ் எனப்படும் ராண்டனர் அமைப்பு ஒதுக்கவில்லை. மனிதக் காலால் ஓடுவது எதுவானாலும் அதில் சேர்த்துக்கொள்வார்கள். 200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 600 கி.மீ. தூரத்தை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். பாரிஸில் இருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கி.மீ. ஓட்டத்தில் டேண்டத்துக்கும் சாய்வு வண்டிக்கும் தனிப் புறப்பாட்டு நேரமே உண்டு.

வாங்குவதும் செய்வதும்

இறக்குமதி செய்தால் வண்டியின் விலையோடு கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்ந்து, ஒரு நல்ல ஸ்கூட்டரைத் தாண்டிவிடும். உதிரி பாகத்துக்கு ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். கோவையில் செய்துகொள்வது நடக்கக்கூடிய காரியம். செயின், கிராங்க், ஹப், டிஸ்க் பிரேக் எல்லாம் கியர் சைக்கிள் பாகங்கள்தான். சட்டமும் இருக்கைக் கூடும் உருளைகளும் மட்டுமே பட்டறையில் செய்ய வேண்டியவை. மெல்லிய ஸ்டீல் குழாயைப் பற்றவைப்பதில் தேர்ந்த கை வேண்டும். கேட்டுக்கும் கிரில்லுக்கும் வெல்டு வைக்கும் இடத்தில் இதைக் கொடுக்கக்கூடாது. நடு கிராங்க் பொருந்தும் குழாய் இம்மியளவு சாய்ந்தாலும் செயின் ஓயாமல் கழன்று விழும். சாய்மானத்துக்கு மெத்தைக்குப் பதிலாக வலைத்துணி போடுவது நம் வெயிலுக்கு ஏற்றது.

மிதிவண்டி என்பதால் ஓட்டுநர் உரிமமும் பதிவும் தேவையில்லை. மோட்டார் பொருத்தினாலும், அதன் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கும் குறைவாக இருந்தால் மோட்டார் வாகன விதிகள் அதை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை.

ஐம்பதைத் தாண்டிய தம்பதி கோவையில் இதைத் தொடங்குவதானால் இரு சக்கரம் வேண்டாம். முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் ஒன்றும் வைத்த மூன்று சக்கரச் சாய்வு டேண்டமே பொருந்தும். சிக்னலில் கால் ஊன்ற வேண்டியதில்லை, மெதுவாகப் போனாலும் கவிழாது, சிறு மோட்டார் பொருத்தினால் மருதமலை அடிவாரம் வரைக்கும் போய்வரலாம். அகலம் கூடும் என்பதால் வீட்டு கேட்டின் அளவை எடுத்துக்கொண்டு, அதன் பிறகு பட்டறைக்குப் போவது நல்லது.